எதிராளியின் வாதம்: சில தொலைக்காட்சிப் பகுதிகள் குறித்து

2012 ஆம் ஆண்டு ரமளானில் எம்.பி.சி. தொலைக்காட்சி ‘உமர்’ என்னும் அரபுத் தொடரை நாள்தோறும் ஒரு பகுதியாக ஒளிபரப்பியது. அப்போது முஸ்லிம்களிடையே பெரிதாக எழுந்த கேள்வி ஒன்றுதான்: ஸஹாபாப் பெருமக்களின் தோற்றத்தில் ஒரு நடிகர் திரையில் வரலாமா? கெய்ரோவின் அல்அஸ்ஹர் கூடாதென்றது. மறுபுறம் யூஸுஃப் அல்கர்ளாவி, ஸல்மான் அல்அவ்தா, அலீ அஸ்ஸல்லாபி போன்ற அறிஞர்கள் இடம்பெற்ற குழுவொன்று தொடரின் எழுத்துப்படியைப் பார்வையிட்டிருந்தது. இரு தரப்பாரின் ஆதாரங்களும் அறிஞர்களுக்குத் தெரிந்தவையே. அந்த மஸ்அலாவை மீண்டும் கிளறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நம்மை உறுத்துவது வேறொன்று. கூடும் என்றவர்களும் கூடாது என்றவர்களும் வாசற்படியிலேயே நின்றுவிட்டனர். உள்ளே சென்று, இன்ன பகுதி நன்றாக அமைந்தது, இன்ன பகுதி சோர்ந்து கிடக்கிறது என்று சொன்னவர்கள் நம்மிடையே மிகச் சிலர்.

ஹதீஸ் கலையைப் படித்த சமுதாயத்திற்கு இது பொருந்தாத பழக்கம். நம் முஹத்திஸ்கள் ஒரு நூலை அட்டையைப் பார்த்து ஏற்கவுமில்லை, தள்ளவுமில்லை. ஒரே நூலில் அடுத்தடுத்து நிற்கும் இரு அறிவிப்புகளில் ஒன்றை ஸஹீஹ் என்றும் மற்றதை ளயீஃப் என்றும் பிரித்துக் காட்டினர். முப்பது நாள் ஓடும் ஒரு தொடரும் அப்படிப்பட்டதே. அதை எழுதிய கை ஒன்றாயினும் எல்லா நாளும் ஒரே தரத்தில் எழுதிவிடுவதில்லை. ‘தொடர் அருமை’ என்பதும் ‘தொடரே கூடாது’ என்பதும் பார்க்கும் உழைப்பை மிச்சப்படுத்தும் சொற்கள். ஆகவே நாம் பார்த்த சில பகுதிகளை, நாடகமும் நகைச்சுவையுமாக, தனித்தனியே எடுத்து எடைபோட முனைகிறோம்.

எடைபோடத் தராசு வேண்டுமல்லவா? அதையும் நம் மத்ரஸாப் பாடத்திலிருந்தே எடுத்துக்கொள்வோம். ஃபிக்ஹ், கலாம் கிதாபுகளை ஓதியவர்களுக்கு ‘ஃபஇன் கீல… குல்னா’ என்ற அமைப்பு மனப்பாடம். ‘இவ்வாறு ஆட்சேபிக்கப்பட்டால், நாம் சொல்வோம்’ என்பது அதன் பொருள். எதிராளியின் ஆட்சேபத்தை முதலில் எழுத வேண்டும், அவரே வந்து எழுதினாலும் அதைவிட வலுவாக எழுத முடியாதபடி எழுத வேண்டும், பிறகே பதில். பலவீனமான ஆட்சேபத்தைக் கற்பனை செய்து அதை வீழ்த்துபவரை உஸ்தாதுகள் மதிப்பதில்லை. திருக்குர்ஆனிலேயே நிராகரிப்பாளர்களின் வாதங்கள் அவர்கள் வாயாலேயே வருகின்றன. ஸுஜூது செய்ய மறுத்த இப்லீஸுக்கும் தன் காரணத்தைச் சொல்ல இடமிருக்கிறது. நாடகத்தில் தோற்க வேண்டியவனுக்கும் நகைச்சுவையில் சிரிக்கப்பட வேண்டியவனுக்கும் அந்தப் பகுதியை எழுதியவர் எவ்வளவு வாதத்தைக் கொடுத்தார்? நமது தராசு இதுதான்.

‘உமர்’ தொடரை எழுதிய வலீத் ஸைஃப், துல்கர்மில் பிறந்த ஃபலஸ்தீனர். ஜோர்டான் பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர். இயக்கிய ஹாத்திம் அலீ சிரியாவைச் சேர்ந்தவர். 2020 டிசம்பரில் கெய்ரோவில் காலமானார். இவ்விருவரும் ஏற்கனவே ஸலாஹுத்தீன் அய்யூபி, ஸக்ர் குறைஷ், ரபீஉ குர்துபா, அத்தக்ரீபா அல்ஃபலஸ்தீனிய்யா ஆகிய தொடர்களில் இணைந்து பணியாற்றியவர்கள். வரலாற்றை வசனமாக்குவதில் கைதேர்ந்த இணை அது.

இத்தொடரில் நம் தராசின் தட்டு மிகக் கீழே இறங்குவது வஹ்ஷி வரும் பகுதிகளில்தான். இது பலருக்கு வியப்பாயிருக்கும். தொடரின் பெயரோ உமர். தொடரின் உயிர் பல இடங்களில் ஓர் அபிசீனிய அடிமையிடம் இருக்கிறது. வரலாறு நாம் அறிந்ததே. ஜுபைர் பின் முத்இமின் அடிமை வஹ்ஷி. பத்ரில் கொல்லப்பட்ட தன் சிறிய தந்தைக்குப் பழியாக ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்றால் விடுதலை என்று எஜமான் வாக்களித்தார். உஹதில் ஈட்டி பாய்ந்தது. மேடைகளில் இக்கதையை நாம் சொல்லும்போது வஹ்ஷி ஓர் ஈட்டியாக மட்டுமே வருவார். வலீத் ஸைஃப் அந்த ஈட்டியைப் பிடித்த கைக்குரியவரை முன்கூட்டியே நம்மிடம் கொண்டுவந்து உட்கார வைக்கிறார். பிலாலும் வஹ்ஷியும் ஒரே மக்காவின் அடிமைகள், ஒரே நிறத்தவர், ஒரே தெருவில் சுமை சுமப்பவர்கள். தொடர் இருவரையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்கிறது. பிலால் (ரலி) கழுத்தில் கயிறு கிடக்கும்போதே சுதந்திரராகிவிடுகிறார். வஹ்ஷியோ விடுதலை என்பதை எஜமான் எழுதித் தரும் ஒரு பொருளாகவே கருதுகிறார். உஹதுக்குப் பின் அது கிடைக்கிறது. கிடைத்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மக்காவின் தெருக்களில் அலைகிறார். குறைஷித் தலைவர்கள் அவரை உபயோகித்தார்கள்; அவ்வளவுதான், தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லை. அந்தப் பகுதிகளைப் பார்க்கும்போது ஹம்ஸா (ரலி) அவர்களுக்காக நம் கண் கலங்குகிறது. அதே கண்ணால் அவரைக் கொன்றவரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எளிதான காரியமன்று இது. எளிதாக்காமல் விட்டதே எழுதியவரின் சிறப்பு.

இதற்கு முன்மாதிரி நம் ஹதீஸ் நூலிலேயே இருக்கிறது என்பதை வாசகர்கள் நினைவுகூர வேண்டும். ஸஹீஹுல் புகாரியின் மகாஸீ பகுதியில் வஹ்ஷியின் வாக்குமூலம் அவர் வாயாலேயே வருகிறது. இரு பயணிகள் ஹிம்ஸ் நகரில் அவரைத் தேடிச் செல்கின்றனர். தன் மாளிகையின் நிழலில், ஊதிய தோற்பை போல் அமர்ந்திருக்கிறார் முதிய வஹ்ஷி. வந்தவர்களில் ஒருவரான உபைதுல்லாஹ் தலைப்பாகையால் முகத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்; கண்களும் பாதங்களும் மட்டுமே தெரிகின்றன. எப்போதோ கைக்குழந்தையாக அவரைத் தூக்கிச் சென்ற நினைவில், பாதங்களைக் கொண்டே அவர் இன்னார் என்று வஹ்ஷி கண்டுகொள்கிறார். பிறகுதான் ஹம்ஸாவைக் கொன்ற கதை. ஒரு கொலைகாரரின் கூர்மையையும் மூப்பையும் ஒரே காட்சியில் வைக்கும் இந்த அறிவிப்பில் எந்தத் திரைக்கதையாசிரியரும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

அதே அறிவிப்பில்தான் இஸ்லாத்தை ஏற்று வந்த வஹ்ஷியிடம், உன் முகத்தை என் பார்வையிலிருந்து விலக்கிக்கொள்ள முடியுமா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கேட்டதும் வருகிறது. நபியவர்களைத் திரையில் காட்டாத ஒரு தொடருக்கு மற்றெல்லா இடங்களைவிடவும் கடினமான இடம் இது. நாம் காண முடியாத ஒரு திருமுகம். அத்திருமுகத்தின் முன் மறைந்துகொள்ள வேண்டிய இன்னொரு முகம். பின்னர் யமாமாப் போரில் பொய்யன் முஸைலிமா மீது அதே ஈட்டி பாய்வது வரை, வஹ்ஷியின் கதை தொடரின் முதுகெலும்பு போல ஓடுகிறது. ஓர் எதிராளி எப்படி நம்மவராகிறார் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொன்ன வேறொரு திரைப்படைப்பை நாம் கண்டதில்லை. 1976 இல் வந்த முஸ்தஃபா அக்காதின் ‘தி மெஸேஜ்’ படத்திலும் வஹ்ஷி உண்டு. ஆனால் அங்கே அவர் ஈட்டிதான்.

உத்பா பின் ரபீஆவுக்கும் தொடர் நியாயம் செய்கிறது. பத்ருக்கு வந்த குறைஷிகளில், உறவினரை உறவினர் வெட்டிக்கொள்ளும் போர் வேண்டாம், திரும்பிப் போவோம் என்று சொன்னவர் அவர். கோழை என்று அபூஜஹ்லிடம் ஏச்சு வாங்கியவரும் அவரே. அந்த ஏச்சைத் தாங்கமாட்டாமல் முதல் ஆளாகக் களத்தில் இறங்கி மாண்டவரும் அவரே. மகன் அபூஹுதைஃபா (ரலி) எதிரணியில் முஸ்லிமாக நின்றார். திரையில் உத்பாவின் முகத்தைப் பார்க்கையில், அறிவு இருந்தும் கெளரவத்திற்காக அழிந்த மனிதரைப் பார்க்கிறோம். அபூஜஹ்லுக்கு அவ்வளவு இடமில்லை. அவர் சினத்திலேயே பிறந்து சினத்திலேயே முடிகிறார். குறைஷியரில் அறிவுக்காக மதிக்கப்பட்டு ‘அபுல்ஹகம்’ என்று அழைக்கப்பட்டவர் அவர். அந்தப் பெயரின் காரணம் திரையில் இன்னும் சற்றுத் தெரிந்திருக்கலாம்.

நபி (ஸல்) அவர்கள் மறைந்த நாளைச் சொல்லும் பகுதி தனியே குறிப்பிடத்தக்கது. மாபெரும் நிகழ்வு நடப்பது காமிரா நுழைய முடியாத அறைக்குள். வெளியே பள்ளிவாசலில் உமர் (ரலி), நபியவர்கள் மறையவில்லை என்று முழங்கிக்கொண்டிருக்கிறார். அபூபக்ர் (ரலி) வருகிறார், உள்ளே போகிறார், வெளியே வந்து பேசுகிறார், உமரின் கால்கள் அவரைத் தாங்காமல் போகின்றன. வரலாற்றில் உள்ளபடியே காட்சி. இங்கே உமரின் மறுப்பும் ஒரு வாதம்தான், அன்பின் வாதம். அதை அரைகுறையாகச் சொல்லியிருந்தால் அபூபக்ரின் பதிலுக்கு எடை இராது. அபூபக்ராக வரும் கஸ்ஸான் மஸ்ஊத் குரலை உயர்த்தவே இல்லை. உமராக வரும் ஸாமிர் இஸ்மாயீல் அப்போது புதுமுகம். அவருக்குக் குரல் கொடுத்தவர் அஸ்அத் கலீஃபா என்ற வேறொரு நடிகர். ஒருவர் உடலும் ஒருவர் குரலுமான இந்த ஏற்பாடு சில பகுதிகளில் நெருடுகிறது. இந்தப் பகுதியில் நெருடவில்லை. காட்டக் கூடாது என்ற மார்க்க வரம்பு ஒரு படைப்பை எவ்வளவு உயர்த்த முடியும் என்று கேட்போருக்கு இதைச் சுட்டலாம்.

தொடரின் பிற்பாதியைப் பற்றி இவ்வளவு சொல்ல இயலாது. வெற்றிகள், கடிதங்கள், ஆளுநர் நியமனங்கள் என்று ஓடும் பல பகுதிகள் தபரீயின் பக்கங்களைக் குரல் விட்டு வாசித்தது போலிருக்கின்றன. தூதுவர் வருகிறார், உரை நிகழ்த்துகிறார், போகிறார். எல்லாரும் ஒரே செறிவான அரபியில், ஒரே மூச்சில், தடுமாற்றமின்றிப் பேசுகின்றனர். இலக்கணம் கற்பிப்பவர் என்ற முறையில் இஃராப் பிழையற்ற வசனங்களைக் கேட்பது நமக்கு இன்பமே. ஆயினும் பாரசீகத் தளபதியும் பாலைவனத்து பதவியும் ஒரே இலக்கண வகுப்பில் படித்து வந்தவர்கள் போல் தோன்றும்போது எதிராளி என்று ஒருவர் இல்லாமலே போய்விடுகிறார்.

இனி நகைச்சுவைக்கு வருவோம். நகைச்சுவை மார்க்கப் பற்றுக்கு ஒவ்வாதது என்று நினைப்போர், ஹிஜ்ரி 255 இல் காலமான அல்ஜாஹிளின் ‘கிதாபுல் புகலா’வைப் புரட்டிப் பார்க்கலாம். கஞ்சர்களின் கதைகளான அந்நூலில், பஸ்ராவின் பள்ளிவாசலில் கூடி உட்கார்ந்து சிக்கனத்தின் நுட்பங்களைப் பரிமாறிக்கொள்ளும் ஒரு கூட்டமே வருகிறது. ஒவ்வொரு முறை மாவு பிசையும்போதும் ஒரு கைப்பிடியை எடுத்து வைத்து, சேர்ந்ததை விற்று மகளுக்கு நகை பூட்டிய மர்யம் என்ற பெண்ணின் கதையை அவர்களில் ஒரு முதியவர் பக்தி சிரத்தையோடு சொல்கிறார்! ஜாஹிள் கஞ்சர்களைத் திட்டுவதில்லை. அவர்களுக்குத் தம் முழு பலாகத்தையும் கடன் கொடுக்கிறார். நூலின் தொடக்கத்திலேயே ஸஹ்ல் பின் ஹாரூன் கஞ்சத்தனத்துக்கு ஆதரவாக எழுதிய நிருபம் வருகிறது. படித்து முடிக்கையில் நாமும் சற்றே கஞ்சராகிவிடுகிறோம். பிறகுதான் சிரிப்பு வருகிறது, அதுவும் நம்மைப் பார்த்தே.

இந்த அளவுகோலில் ஸவூதி நகைச்சுவைத் தொடர் ‘தாஷ் மா தாஷ்’ ஏறி இறங்குகிறது. நாஸிர் அல்கஸபீ, அப்துல்லாஹ் அஸ்ஸத்ஹான் இருவரும் 1993 முதல் 2011 வரை ரமளான் இரவுகளில் நடித்த தொடர் அது. 2023 இல் மீண்டும் வந்தது. 2000 இல் ஸவூதியின் ஃபத்வாக் குழு அதைக் கண்டித்தது. 2006 இல் வந்த ‘பயங்கரவாத அகாடமி’ என்னும் பகுதி மிகவும் பேசப்பட்டது. இளைஞர்களைப் பாடகராக்கும் ‘ஸ்டார் அகாடமி’ போட்டி நிகழ்ச்சியைப் போலவே, குண்டு வைப்பவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஒரு போட்டி. கருத்து கூர்மையானது, துணிவும் போற்றத்தக்கது. அந்தப் பெயரைக் கேட்டதும் வருகிற சிரிப்பு பகுதி முழுவதற்கும் போதுமானதாக இல்லை என்பதே நம் எண்ணம். அங்கு வரும் தீவிரவாதிகள் வெறும் பொம்மைகள். ஓர் இளைஞன் எந்தச் சொல்லைக் கேட்டு, எந்த வஞ்சத்தை நினைத்து அந்த வாசலுக்கு வந்தான் என்பதை அது தேடவில்லை. அந்த வழியில் ஒரு கால் வைத்துவிட்டவன் இதைப் பார்த்தால், ‘இது நானில்லை’ என்று எழுந்து போய்விடுவான். யாரைத் திருத்த வேண்டுமோ அவன் எழுந்து போய்விட்டால், மிச்சமுள்ள நாம் சிரித்து என்ன பயன்?

அரபுலகிலிருந்து வெகுதொலைவில், கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சியில் 2007 முதல் 2012 வரை 91 பகுதிகள் வந்த ‘லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரெய்ரி’ இவ்விஷயத்தில் சில இடங்களில் ஜாஹிளுக்கு நெருங்கி வருகிறது என்றால் வாசகர்கள் நகைக்கக் கூடாது. உருவாக்கியவர் ஸர்கா நவாஸ் என்னும் முஸ்லிம் பெண்மணி. மெர்ஸி என்ற கற்பனைச் சிற்றூரில், ஆங்கிலிக்கன் தேவாலயத்தின் கூடத்தை வாடகைக்கு எடுத்துத் தொழுகை நடத்தும் ஒரு சிறு ஜமாஅத்தின் கதை. வழக்கறிஞர் தொழிலை விட்டு இமாமாக வரும் இளைஞர் அமார், ஹிஜாப் அணிந்த மருத்துவர் ரய்யான், எதற்கும் ஒரு தடை வைத்திருக்கும் பேராசிரியர் பாபர் ஆகியோர் முக்கியமானவர்கள்.

முதல் பகுதியை அன்று ஏறத்தாழ 21 இலட்சம் பேர் பார்த்தனர். அதை நாம் அவ்வளவாக உயர்த்திச் சொல்லமாட்டோம். தொழுகையில் குனிந்தவர்களைக் கண்ட ஊர்வாசி பயங்கரவாதம் என்று தொலைபேசியில் புகார் செய்கிறார். விமான நிலையத்தில் இமாம் கைப்பேசியில் சொன்ன ஒரு சொல் தவறாகப் புரியப்பட்டுப் பிடிபடுகிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் ஊரார் எல்லாரும் ஒரே அச்சில் வார்த்த அறிவிலிகள். அவர்கள் அச்சத்திற்கும் ஒரு காரணம், ஒரு வரலாறு இருக்குமல்லவா? நமக்குச் சாதகமான ஒருதலைப்பட்சமும் ஒருதலைப்பட்சமே.

இரண்டாம் பகுதியான ‘தடுப்பு’ முற்றிலும் வேறு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே தடுப்பு வேண்டும் என்கிறார் பாபர். கூடாதென்று கிளம்புகிறார் ரய்யான். ஸர்கா நவாஸ் 2005 இல் இதே பிரச்சினையைப் பற்றி ‘மீ அண்ட் தி மாஸ்க்’ என்ற ஆவணப்படம் எடுத்தவர். அவர் மனம் எந்தப் பக்கம் என்பது வெளிப்படை. அப்படியிருந்தும் பாபரைக் கோமாளியாக்கி விரட்டிவிடவில்லை. தொழுகையில் மன ஓர்மை வேண்டும் என்ற அவர் கவலை நேர்மையானது. தடுப்பை விரும்பும் பெண்களும் அந்த ஜமாஅத்தில் உண்டு. இரு பக்கமும் இழுபட்ட இளம் இமாம் கடைசியில் பாதித் தடுப்பு வைக்கிறார். வேண்டியவர் அதன் பின்னே, வேண்டாதவர் வெளியே! ஃபிக்ஹுக் கண்ணால் பார்த்தாலும் இந்தத் தீர்ப்பு சுவையானது. நபி (ஸல்) அவர்களின் பள்ளியில் பெண்களின் வரிசைகள் ஆண்களுக்குப் பின்னால் இருந்தன. நடுவே தடுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஆண்களின் ஆடை குறுகியிருந்ததால், அவர்கள் நிமிர்ந்து உட்காரும்வரை பெண்கள் தலையை உயர்த்த வேண்டாம் என்று சொல்லப்பட்ட செய்தி புகாரியில் உள்ளது. தடுப்பு இருந்திருந்தால் அச்சொல்லுக்கே தேவை இராது. பெண்கள் பள்ளிக்கு வருவதே பேச்சுக்குரியதாக இருக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. அங்கு இந்தப் பகுதியைப் பார்ப்பவர் பாபரிடம் தம் தந்தையையும் ரய்யானிடம் தம் மகளையும் காண்பார். இருவரும் ஒரே வீட்டில் சோறுண்பவர்கள் என்பதையும் அப்போது மறக்க முடியாது.

அதே முதல் பருவத்தில், புதிதாக இஸ்லாத்தைத் தழுவிய இளைஞர் ஒருவர் பாபரையே மிஞ்சும் கடுமையோடு வந்து ஜமாஅத்தைப் படுத்தும் பகுதியும் உண்டு. பாபருக்கே மூச்சுத் திணறும் இடம் நல்ல நகைச்சுவை. ஆயினும் அந்த இளைஞரை மார்க்கத்திற்கு அழைத்து வந்த தாகம் என்ன என்பதில் எழுதியவர்களுக்கு அக்கறையில்லை. ஒரு வேடிக்கைக்காக அழைத்து வந்து திருப்பி அனுப்பிவிடுகின்றனர். பிந்திய பருவங்களில் அமாருக்கும் ரய்யானுக்கும் இடையிலான காதல் முன்னுக்கு வரவும் பள்ளிவாசல் பின்னணிச் சுவராகிவிட்டது. அவற்றைப் பற்றி நாம் சொல்ல எதுவுமில்லை.

மீண்டும் ‘உமர்’ தொடரின் இறுதிப் பகுதிகளுக்கு ஒரு சொல். அமீருல் முஃமினீன் அவர்களை ஃபஜ்ருத் தொழுகையில் குத்தியவன் அபூலுஃலுஆ, முகீரா பின் ஷுஃபாவின் அடிமை, கைவினைஞன். எஜமானுக்கு அன்றாடம் கட்ட வேண்டிய தொகை அதிகமென்று உமரிடமே வந்து முறையிட்டான். அவன் அறிந்த தொழில்களைக் கேட்ட உமர், அது அதிகமன்று என்றார். இது நம் வரலாற்றாசிரியர்கள் மறைக்காமல் எழுதியது. குத்தியவன் யாரென்று தெரிந்தபோது, அவனுக்கு நன்மை செய்யுமாறே தாம் ஏவியிருந்ததாக உமர் (ரலி) கூறியதும் புகாரியில் உள்ளது. அடிமையின் குறையும் கலீஃபாவின் நியாயமும் இப்படி எதிரெதிரே நிற்கும் இடத்தில், வஹ்ஷிக்கு அத்தனை நாட்களை ஒதுக்கிய அதே எழுத்தாளர் அவசரப்பட்டிருக்கிறார். தொடர் முடியும் நாள் நெருங்கிவிட்டது போலும். அபூலுஃலுஆவைவிட அவன் கத்தியே நம் நினைவில் நிற்கிறது.